அவிழ்த்தாலும் நூல் நம் கையில்

நீங்கள் போட்டிருக்கும் பனியனின் ஓரத்தை வெளிச்சத்தில் கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில், ஆங்கில ‘வி’ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெடுக்கில் அடுக்கியிருப்பது தெரியும். உள்பக்கத்தைத் திருப்பினால் குறுக்கே மேடு மேடாக வரிகள் ஓடும். வேட்டியிலும் சேலையிலும் இப்படி இருக்காது. அது தறித்துணி, அங்கே பாவு வேறு, ஊடை வேறு. பனியனில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நூல் வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போயிருக்கிறது. அதனால்தான் இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழையபடி சுருங்குகிறது. திருப்பூரில் இயந்திரம் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும் இதே வேலையை, நான் நாற்பது வருஷத்துக்கு மேலாக இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்துவருகிறேன்.

எனக்கு ஊர் நீலகிரியில் கேத்தி. எங்கள் பக்கத்தில் ஊசிக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் 1949-ல் தொடங்கிய ‘நீடில் இண்டஸ்ட்ரீஸ்’ என்ற ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. இங்கிலாந்தில் ஊசிக்கே பேர்போன ஸ்டட்லி என்ற ஊரின் கம்பெனி ஒன்று தொடங்கியது அது. கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். பங்குகள் யாருக்கு என்ற வழக்கில் 1981-ல் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றைக்கும் வகுப்பில் நடத்துகிறார்கள். நமக்கு வேண்டிய விஷயம் வேறு. ‘போனி’ என்ற பெயரில் வெளிநாட்டுக் கடைகளிலும் தொங்கும் பின்னல் ஊசிகள் இந்த மலையிலிருந்து போனவை. என் அப்பா அங்கே வேலை பார்த்தார். அப்படியும் எங்கள் வீட்டில் யாருக்கும் பின்னத் தெரியாது. அம்மா தையல் ஊசியோடு நிறுத்திக்கொண்டார்.

நான் கற்றுக்கொண்டது குன்னூர் தொலைபேசி நிலையத்தில், இரவு ஷிப்டில். ட்ரங்க் கால் புக் பண்ணிக் காத்திருந்த காலம். காதில் ஹெட்செட் மாட்டியிருக்கும், எதிரே போர்டில் விளக்கு எரிந்தால் ஒயரைச் செருகிப் பேசவேண்டும், எரியாவிட்டால் உட்கார்ந்திருக்கவேண்டும். பதினோரு மணிக்குமேல் கால் குறைந்துவிடும். டிசம்பர் மாதக் குளிர் தரைவழியாகக் காலில் ஏறும். பக்கத்து சீட்டில் இருந்த சூப்பர்வைசர் அக்கா பர்லியார்ப் பக்கத்துக்காரர். அவர் மடியில் எப்போதும் ஒரு உல்லன் உருண்டை இருக்கும். ஒருநாள் என்னைப் பார்த்து, “ஏம்மா, காதுதானே வேலை செய்யுது, கை சும்மாத்தானே இருக்கு? இந்தா பிடி” என்று ஊசியை நீட்டினார்.

அந்த வேலைக்குப் பின்னல் ஏன் அவ்வளவு பொருந்தியது என்பது போகப்போகத்தான் புரிந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்திருக்க முடியாது. எம்பிராய்டரிக்குக் கண்ணும் வெளிச்சமும் வேண்டும். பின்னலை எந்த நொடியிலும் நிறுத்தலாம். விளக்கு எரிந்ததும் அப்படியே மடியில் வைத்துவிட்டு, “நம்பர் ப்ளீஸ்” என்று பேசி முடித்துத் திரும்ப எடுத்தால், விட்ட வளையம் விட்ட இடத்தில் ஊசியிலேயே காத்திருக்கும். பிள்ளை அழுதாலும், குக்கர் விசில் அடித்தாலும், பஸ் வந்தாலும் அப்படித்தான். நம்மைப்போல நடுநடுவே கூப்பிடப்படுகிறவர்களுக்கு என்றே அமைந்த வேலை அது.

செய்முறை என்று பார்த்தால் கொஞ்சம்தான். இடது ஊசியில் வளையங்கள் வரிசையாக ஏற்றியிருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் ‘ஸ்டிச்’ என்று பெயர். வலது ஊசியின் நுனியை முதல் வளையத்துக்குள் முன்பக்கமாக நுழைக்கவேண்டும், நூலை அந்த நுனியில் ஒருமுறை சுற்றவேண்டும், சுற்றிய நூலை வளையத்தின் வழியாக இழுத்து வெளியே எடுக்கவேண்டும், பழைய வளையத்தை இடது ஊசியிலிருந்து நழுவவிடவேண்டும். இப்போது வலது ஊசியில் புது ஸ்டிச் ஒன்று உட்கார்ந்திருக்கும். நுழை, சுற்று, இழு, விடு. இதுதான் ‘நிட்’. இதையே பின்பக்கமிருந்து செய்தால் ‘பர்ல்’. பர்ல் என்பது வேறொன்றுமில்லை, நிட்டின் முதுகு. முன்னால் ‘வி’யாகத் தெரிவது பின்னால் மேடாகத் தெரியும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். கயிறு முறுக்கியதுபோலக் கிடக்கும் கேபிள் டிசைன், ஓட்டை ஓட்டையாக வரும் லேஸ் டிசைன், எல்லாமே இந்த இரண்டையும் இடம் மாற்றியும் கூட்டியும் குறைத்தும் வருபவைதான்.

ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? எலாஸ்டிக் எதுவும் வைக்காமலே அது கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நிட், ஒரு பர்ல், ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டதால் வந்தது அது. நிட் வரிசை முன்னால் துருத்தும், பர்ல் வரிசை உள்ளே ஒடுங்கும். துணி தானாக மடிந்து சுருங்கிவிடும். கையை நுழைக்கும்போது மடிப்பு விரியும், நுழைத்ததும் பழையபடி ஒடுங்கும். முதன்முதலில் என் கையில் அந்தப் பட்டை சுருங்கியபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்றைக்கும் ஒவ்வொரு ஸ்வெட்டர் தொடங்கும்போதும் வருகிறது. வெறும் நூல், என்ன செய்யவேண்டும் என்பதை அமைப்பிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறது.

ஆனால் எனக்குப் பின்னலில் மிகவும் பிடித்தது வேறொன்று. முழுசாகத் திரும்ப அவிழ்த்துவிட முடிகிற கைவேலை இது. வெட்டிய துணி வெட்டியதுதான். செதுக்கிய மரமும் சுட்ட மண்ணும் திரும்பிப் போகாது. பின்னலில் நூலை எங்கும் வெட்டுவதில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டம். எத்தனை வரிசை போட்டிருந்தாலும் நுனியைப் பிடித்து இழுத்தால் கடைசி வரிசை முதலில், அதற்கு முந்தியது அடுத்து என்று வந்துகொண்டே இருக்கும். கடைசியில் கையில் நிற்பது, கடையில் வாங்கிய அதே நூல். நஷ்டம் எதுவும் இல்லை. அதனால் இந்த வேலையில் பயமும் இல்லை. ஒரு டிசைன் சரிவருமா என்று தோன்றினால் போட்டுப் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையா, அவிழ்த்துவிடலாம். நம் பெண்களுக்கு எத்தனை காரியங்களில் இந்தச் சலுகை கிடைக்கிறது?

பேரனுக்கு மூன்று வயதில் போட்ட நீல ஸ்வெட்டரை அவன் ஐந்து வயதில் நுழைக்க முடியாமல் நின்றபோது, அதை அவிழ்த்துத்தான் அடுத்ததைத் தொடங்கினேன். முதலில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்த நூலை மட்டும் சின்னக் கத்தரியால் பார்த்துப் பார்த்து எடுக்கவேண்டும். பின்னிய நூலில் கத்தரி பட்டுவிடக் கூடாது. அப்புறம் கழுத்துப் பட்டையில் கடைசி முடிச்சைத் தேடிப் பிடித்து இழுத்தால், சின்னச் சின்ன ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு வரிசை அவிழும். வரும் நூல் நெளிநெளியாக இருக்கும், ஒவ்வொரு ஸ்டிச்சின் வளைவும் அதில் பதிந்திருக்கும். அதை அப்படியே பின்னினால் ஒழுங்காக வராது. நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிடவேண்டும். பிழியாமல் ஒற்றி எடுத்து, நிழலில் தொங்கவிட்டு, அடியில் ஒரு சின்னக் கனம் மாட்டவேண்டும். காய்வதற்குள் நெளிவு போய்விடும். அசல் கம்பளி நன்றாக நிமிரும், அக்ரிலிக் அவ்வளவாக நிமிராது. முழங்கையில் தேய்ந்துபோன பாகத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, குறைந்ததற்கு மஞ்சளில் இரண்டு கோடு சேர்த்தேன். அவன் அந்தக் கோடுகளைக் காட்டித்தான் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசினான்.

பின்னலுக்கு ஊசியும் நூலும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கணக்கும் வேண்டும், அந்தக் கணக்கு ருசியானது. நாலு மில்லிமீட்டர் ஊசியில், நடுத்தரக் கனமுள்ள உல்லனில், பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 ஸ்டிச் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 198 ஸ்டிச், முன்னால் 99, பின்னால் 99. பின்னுகிறவர் கை கொஞ்சம் தளர்வாக இருந்து பத்து சென்டிமீட்டருக்கு 20 ஸ்டிச்தான் வருகிறது என்றால், அதே 198 ஸ்டிச்சில் ஸ்வெட்டர் 99 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒன்பது சென்டிமீட்டர் தொளதொளப்பு. அதனால்தான் விவரமுள்ளவர்கள் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னி அளந்து பார்ப்பார்கள். ஒருவர் கை மாதிரி இன்னொருவர் கை இருக்காது என்பதால், புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

இந்தக் கணக்கை வைத்தே பின்னுகிறவர்களுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்த ஒரு பெண்மணி உண்டு. எலிசபெத் ஜிம்மர்மன், 1910-ல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1971-ல் அவர் எழுதிய ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ என்ற புத்தகம், பெயருக்கேற்றபடி, அழாமல் பின்னக் கற்றுக்கொடுத்தது. உடம்புக்கு வேண்டிய மொத்த ஸ்டிச்சை நூறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கைக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று விகிதத்தில் போட்டுவிடலாம் என்றார் அவர். அச்சடித்த டிசைன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. சமையலில் கைப்பதம் வந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஊசி எண் விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். நம் ஊரில் இன்னமும் பழைய பிரிட்டிஷ் எண்தான் பேச்சில் இருக்கிறது. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். எட்டாம் நம்பர் 4 மில்லிமீட்டர், பத்தாம் நம்பர் 3.25, பன்னிரண்டாம் நம்பர் 2.75. புதுப் பாக்கெட்டுகளில் மில்லிமீட்டரும் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

“இந்த வெயிலில் ஸ்வெட்டரா?” என்று சமவெளிச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் என் நாத்தனார் வருஷம் தவறாமல் கேட்பார். அவருக்கு நான் சொல்லும் பதில் எகிப்துதான். இன்றுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய அசல் பின்னல் துணிகள் குளிர்நாட்டிலிருந்து வந்தவை அல்ல. எகிப்தில் கிடைத்தவை. சுமார் 11-ம் நூற்றாண்டிலிருந்து 14-ம் நூற்றாண்டுவரை என்று கணிக்கப்படும் காலுறைகள், வெள்ளையும் அவுரி நீலமும் கலந்த டிசைன், அத்தனையும் பருத்தி நூல். பருத்தியில் பை, குழந்தைத் தொப்பி, மேஜை விரிப்பு, பாத்திரம் துலக்கும் துணி என்று எத்தனையோ பின்னலாம். நாத்தனார் இப்போது பருத்தி நூலில் காய்கறிப் பை பின்னுகிறார்.

காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன 400, 500 கிராம் உல்லன் பிடிக்கும். நல்ல உல்லன் வாங்கினால் அந்தச் செலவுக்குக் கடையிலேயே ஸ்வெட்டர் கிடைத்துவிடும். குளிர்காலத்தில் ஊருக்கு ஊர் திபெத்தியர்கள் போடும் ஸ்வெட்டர் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் லூதியானாவில் இயந்திரம் பின்னியது. விலையில் அதோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். போட்டி இன்று நேற்றையதும் அல்ல. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்தில் கால்வர்ட்டன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் லீ 1589-லேயே காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை கொடுக்க மறுத்ததால் அவர் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார் என்பது வரலாறு. அந்த யோசனைதான் கிளைவிட்டுக் கிளைவிட்டு இன்றைய பனியன் மெஷின்வரை வந்திருக்கிறது. இயந்திரம் வந்து நானூறு வருஷத்துக்குமேல் ஆகியும் ஜனங்கள் கையால் பின்னுவதை விடவில்லை. தேவைக்காகச் செய்த வேலை, ஆசைக்காகச் செய்யும் வேலையாக மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், முதுகில் கூடை நிறைய, அடுப்பெரிக்கும் ‘பீட்’ என்ற கரிமண்ணைச் சுமந்துகொண்டு நடக்கும்போதுகூடப் பெண்கள் கையால் பின்னிக்கொண்டே போவார்களாம். பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். அதே தீவுகளில், கல்யாண மோதிரத்தின் வழியாக முழுசாக உருவி எடுத்துவிடும் அளவுக்கு மெல்லிய சால்வைகளும் பின்னினார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, சம்பளமும் குறைவு. அந்தக் கஷ்டத்தை நாம் அழகாக்கிப் பேசக் கூடாது. ஆனாலும் அந்தச் சால்வையைப் பின்னிய கைக்குத் தன் வேலையில் ஒரு கர்வம் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெறும் கூலிக்காக யாரும் அவ்வளவு மெல்லிசாகப் பின்ன மாட்டார்கள்.

என் மகன் ஏழாம் வகுப்பில் மஃப்ளர் பின்னக் கற்றுக்கொண்டபோது, “ஆம்பளைப் பையனுக்கு எதுக்கு இது?” என்று கேட்டவர்கள் உண்டு. பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியில் தாக்கிலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஊசி பிடிப்பது ஆண்கள், தறியில் நெய்வது பெண்கள். பையன்கள் சின்ன வயதிலேயே குல்லா பின்னக் கற்றுக்கொள்கிறார்கள். குல்லாவைப் பார்த்தே அதைப் போட்டிருப்பவர் கல்யாணமானவரா இல்லையா என்று ஊரார் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005-ல் மனிதகுலத்தின் பாரம்பரியமாக அறிவித்தது. அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். உயர்மேடை டைவிங்கில் தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீரர் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே டிவியில் பார்த்தது. பதக்கம் கீறல் விழாமல் இருக்க அதற்கும் கையாலேயே ஒரு பை செய்துவைத்திருந்தார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறவருக்கு நடுவில் கையை நிதானப்படுத்த ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. என் மகன் இன்றைக்கு வாகனம் ஓட்டும் வேலையில் இருக்கிறான், வண்டி லோடுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பின்னுகிறான்.

காத்திருப்புதான் பின்னலுக்கு ஏற்ற நேரம். நவம்பர் மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் வரிசையாக நின்றுவிடும். எப்போது நகரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் டோக்கன், ரேஷன் கடையில் வரிசை, கரண்ட் இல்லாத சாயங்காலம். அந்த நேரங்களில் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பதற்கும் பின்னுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. போனை வைக்கும்போது கையில் எதுவும் இருக்காது. பின்னலை வைக்கும்போது இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கும். மனசுக்கு அமைதி தரும் என்று பெரிய வார்த்தை சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டிசைன் போடும்போது வாய் ஸ்டிச்சை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணுகிற வாய் புலம்பாது.

பஸ்ஸில் பின்னுவதானால் நீள ஊசி வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் விலாவில் இடிக்கும். இரண்டு குட்டை ஊசிகளை ஒயரால் இணைத்த வட்ட ஊசி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வேலையும் கீழே விழாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஸ்வெட்டருக்குப் போகவேண்டாம். எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, நடுத்தரக் கன உல்லன் 200 கிராம். நாற்பது ஸ்டிச் ஏற்றுங்கள், ஒரு சாண் அகலம் வரும். எல்லா வரிசையும் நிட் மட்டும் போடுங்கள். அப்படிப் போட்டால் துணி ஓரத்தில் சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கழுத்தைச் சுற்றிக் கட்டும் நீளம் வந்ததும் இறக்கிவிடுங்கள், மஃப்ளர் தயார். கடைக்காரர், அழுக்குத் தெரியாது என்று கறுப்பை எடுத்துக் கொடுப்பார், வாங்காதீர்கள். கறுப்பில் ஸ்டிச் கண்ணுக்குத் தெரியாது. முதல் உல்லன் வெளிர் நிறமாக, வழவழப்பாக, முடி முடியாக நிற்காததாக இருக்கட்டும்.